டிஜிஎன் கோப்புகளை எஃப்எம்இ-யில் படிப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மைக்ரோஸ்டேஷன் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்த பழைய டிஜிஎன் வரைபடக் கோப்புகளை, தரவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றும் எஃப்எம்இ மென்பொருளின் வழியாகப் புவியிடத் தகவல் அமைப்புகளுக்குக் கொண்டுவருவது குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறோம். கேள்விகள் வெவ்வேறாகத் தோன்றினாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். கோப்பில் இருப்பவை கோடுகளும் எழுத்துகளும். அவற்றுக்குப் பொருள் தரும் செய்திகளில் பாதி, கோப்புக்கு வெளியே, அதை வரைந்த அலுவலகத்தின் வழக்கத்தில் இருக்கிறது. முதல் பாதியை எஃப்எம்இ எடுத்துத் தந்துவிடும். மற்ற பாதியை நாம்தான் தேடிச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மைக்ரோஸ்டேஷனில் வரைந்த டிஜிஎன் கோப்பை எஃப்எம்இ-யில் திறந்தால் எல்லாப் பண்புகளின் பெயரும் ‘ஐஜிடிஎஸ்’ என்றே தொடங்குகிறது. என் கோப்பு வேறு ஏதோ வடிவத்தில் இருக்கிறதா? (திருச்சி வாசகர்)

இல்லை, உங்கள் கோப்பு சரியானதே. அந்த முன்னொட்டு, இந்தக் கோப்பு வடிவம் பிறந்த இடத்தைக் குறிக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் நகரில், சாட்டர்ன் ராக்கெட் திட்டத்தில் பணியாற்றிய ஐபிஎம் பொறியாளர்கள் சிலர் 1969-இல் எம் அண்ட் எஸ் கம்ப்யூட்டிங் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள்; அதுவே பின்னாளில் இன்டர்கிராஃப் எனப் பெயர் மாறியது. அவர்கள் உருவாக்கிய வரைகலை அமைப்பின் பெயர் இன்டராக்டிவ் கிராஃபிக்ஸ் டிசைன் சிஸ்டம், அதாவது ஐஜிடிஎஸ். அது முதலில் பிடிபி-11 கணினிகளிலும் பிறகு வாக்ஸ் கணினிகளிலும் இயங்கியது. 1984-இல் தொடங்கப்பட்ட பென்ட்லி சிஸ்டம்ஸ், அதே கோப்பு வடிவத்தை விலை குறைந்த கணினிகளிலும் கையாளும்படி மைக்ரோஸ்டேஷனை வளர்த்தெடுத்தது. ஆகவே இன்று நாம் ‘டிஜிஎன் வி7’ என்று அழைப்பது, சில விரிவாக்கங்கள் தவிர்த்து, ஐஜிடிஎஸ் கோப்புதான்.

இந்தப் பழைய வேர் வெறும் பெயரோடு நின்றுவிடவில்லை. வி7 கோப்பில் 32 பிட் முழு எண்கள், இன்றைய இன்டெல் கணினிகளின் பைட் வரிசையில் இல்லாமல் பிடிபி-11 வழிவந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கும். பதின்ம எண்கள் வாக்ஸ் கணினியின் மிதவைப் புள்ளி வடிவில் இருக்கும். எஃப்எம்இ-யில் கோப்பைப் படிக்கும் பகுதியான ரீடர் இவற்றையெல்லாம் நமக்குத் தெரியாமலேயே மாற்றிக்கொடுக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1993-இல் டான் மர்ரேயும் டேல் லட்ஸும் தொடங்கிய, எஃப்எம்இ-யை உருவாக்கும் சேஃப் சாஃப்ட்வேர் நிறுவனம், மாகாண அரசுக்கும் வனத்தொழில் நிறுவனங்களுக்கும் இடையே வரைபடத் தரவு கைமாறும் சிக்கலைத் தீர்ப்பதில்தான் தன் பணியைத் தொடங்கியது. அக்காலத்தில் அலுவலகங்களில் நிறைந்திருந்த ஐஜிடிஎஸ் கோப்புகளின் பெயரே அதன் பண்புப் பட்டியலில் நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

கோப்பு வி7 வகையா, 2001-இல் வந்த வி8 வகையா என்பதை மட்டும் வேலையைத் தொடங்கும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நீட்டிப்பு ஒன்றே என்பதால் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் திறந்து முதல் பைட்டுகளைப் பாருங்கள். இருபரிமாண வி7 கோப்பு ‘08 09’ என்றும், முப்பரிமாண வி7 கோப்பு ‘சி8 09’ என்றும் தொடங்கும். பழைய வேர்டு, எக்செல் கோப்புகளைப் போல ‘டி0 சிஎஃப் 11 இ0’ என்று தொடங்கினால், டிஜிஎன் கோப்பைப் பொறுத்தவரை அது வி8. இந்த ஒரு நிமிடச் சோதனை, பின்னால் வரும் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

கேள்வி: நகராட்சிச் சாலை வரைபடத்தை மாற்றினேன். ஆள்கூறுகள் எதிர்பார்த்ததைப் போல ஆயிரம் மடங்கு பெரிதாக வருகின்றன. இன்னொரு கோப்பில் அளவு சரியாக இருக்கிறது, ஆனால் இடம் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. இரண்டுக்கும் காரணம் ஒன்றா? (மதுரை வாசகர்)

இரண்டும் வெவ்வேறு காரணங்கள். ஆனால் இரண்டையும் புரிந்துகொள்ள, வி7 கோப்பு இடத்தை எப்படி எழுதிவைக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி இங்கேதான் முடிகின்றன.

வி7 கோப்பில் மீட்டர் என்று எதுவும் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு புள்ளியும் 32 பிட் முழு எண்ணாகவே இருக்கும். அந்த எண்ணின் ஒரு அலகுக்கு யுஓஆர் என்று பெயர். கோப்பின் தலைப்புப் பகுதியில், ஒரு மாஸ்டர் யூனிட்டில் எத்தனை சப் யூனிட், ஒரு சப் யூனிட்டில் எத்தனை யுஓஆர் என்ற இரண்டு எண்கள் இருக்கும். மாஸ்டர் யூனிட் மீட்டர், சப் யூனிட் மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டருக்கு 10 யுஓஆர் என்று அமைத்திருந்தால், ஒரு மீட்டருக்கு 10,000 யுஓஆர். எஃப்எம்இ-யின் ரீடர் அமைப்பில், ஆள்கூறுகளை எந்த அலகில் தர வேண்டும் என்று கேட்கும் இடத்தில் மாஸ்டர் யூனிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் முதல் கோப்பு சப் யூனிட்டில் படிக்கப்பட்டிருக்கிறது. மில்லிமீட்டரை மீட்டர் என்று எடுத்துக்கொண்டதால் ஆயிரம் மடங்கு பெருகிவிட்டது. பெருக்கி வகுத்து ஒட்டுப்போட வேண்டாம், ரீடர் அமைப்பை மாற்றி மறுபடியும் படியுங்கள். எழுத்தின் உயரம், வட்டத்தின் ஆரம் போன்ற பண்புகளும் அதே அலகில் வர வேண்டும் என்பதே இதற்குக் காரணம். வடிவத்தை மட்டும் சுருக்கினால் அவை பழைய அளவிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது கோப்பின் சிக்கல், ஆள்கூறுகளின் சுழியம் வரைதளத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் குளோபல் ஆரிஜின் சார்ந்தது. 32 பிட் எண்ணில் மொத்தம் 4,294,967,296 நிலைகளே உண்டு. மீட்டருக்கு 10,000 யுஓஆர் என்றால் வரைதளத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 429 கிலோமீட்டர்தான். உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில், தமிழ்நாட்டின் வடக்கு ஆள்கூறுகள் கன்னியாகுமரி அருகே ஏறக்குறைய 9 லட்சம் மீட்டரில் தொடங்கி, மாநிலத்தின் வட எல்லையில் 15 லட்சம் மீட்டரை ஒட்டிச் செல்கின்றன. அந்த நுணுக்கத்தில் மாநிலம் முழுவதையும் ஒரே தளத்தில் அடக்க முடியாது. அடங்கும் பகுதிக்குக்கூட, தளத்தின் நடுப்புள்ளியைச் சுழியமாக வைத்தால் எண்கள் எல்லைக்கு வெளியே போய்விடும். ஆகவே வரைபவர்கள் குளோபல் ஆரிஜினை நகர்த்தி வைப்பார்கள். உதாரணமாக, ஒரு புள்ளியின் கிழக்கு மதிப்பு கோப்பில் −1,523,456,780 யுஓஆர் என்று இருக்கலாம். 10,000-ஆல் வகுத்தால் −152,345.678 மீட்டர். குளோபல் ஆரிஜின் −500,000 மீட்டர் என்று தலைப்பில் இருந்தால், அதைக் கழிக்கும்போது 347,654.322 மீட்டர் என்ற உண்மையான ஆள்கூறு கிடைக்கிறது.

எஃப்எம்இ இந்தக் கணக்கைத் தலைப்பில் உள்ள மதிப்பை வைத்துத் தானே செய்துவிடும். அப்படியும் இடம் தள்ளிப்போகிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவர் வேறொரு சீட் கோப்பில், அதாவது அலகு முதலியவை முன்பே அமைக்கப்பட்ட மாதிரிக் கோப்பில், புதிய வரைபடத்தைத் திறந்து, பழைய வரைபடத்தின் கோடு, எழுத்து முதலிய உருக்களை அதற்குள் நகலெடுத்து வைத்திருக்கிறார். அப்போது உருக்களின் முழு எண்கள் ஒரு கணக்கிலும் தலைப்பு வேறொரு கணக்கிலும் இருக்கும். இதைத் திருத்தச் சிறந்த வழி, மூலக் கோப்பைக் கேட்டுப் பெறுவதே. அது கிடைக்காத நிலையில், இடம் உறுதியாகத் தெரிந்த குறைந்தது மூன்று புள்ளிகளை, அவை ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கும்படி எடுத்து, மூன்றிலும் விலகல் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் மட்டுமே ‘ஆஃப்செட்டர்’ என்ற எஃப்எம்இ கருவியைக் கொண்டு நகர்த்தலாம். மாறுபட்டால் சிக்கல் அலகிலோ ஆள்கூற்று முறையிலோ இருக்கிறது. நகர்த்தினால் பிழை மறையுமே தவிரத் தீராது.

வி8 கோப்புகளில் ஆள்கூறுகள் 64 பிட் மிதவைப் புள்ளி எண்களாக எழுதப்படுவதால் இந்த 429 கிலோமீட்டர் நெருக்கடி இல்லை. அலகுத் தேர்வு மட்டும் அங்கும் உண்டு.

கேள்வி: சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய நிலவரைபடத் தாளை டிஜிஎன் வடிவில் வைத்திருக்கிறோம். செயற்கைக்கோள் படத்தின்மீது வைத்தால் எல்லாமே ஒரே திசையில் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. எஃப்எம்இ ஏன் எச்சரிக்கவில்லை? (கோயம்புத்தூர் வாசகர்)

எச்சரிப்பதற்கான செய்தி கோப்பில் இல்லை. வி7 கோப்பில் ஆள்கூற்று முறையை எழுதிவைக்கப் பொதுவான ஓர் இடமே கிடையாது. வரைந்தவருக்குத் தெரியும், தாளின் ஓரக் குறிப்பில் இருக்கும், அவ்வளவுதான். பழைய தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தையும் (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணக்கு மாதிரி) பாலிகோனிக் வீழலையும் (வளைந்த பரப்பைத் தாளில் விரிக்கும் ஒரு முறை) அடிப்படையாகக் கொண்டவை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுப் பயன்பாட்டுக்கு வந்த தாள்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்-84, யூடிஎம் முறையில் அமைந்தவை. இரண்டு அடிப்படைகளுக்கும் இடையிலான இடப்பெயர்வு நம் பகுதியில் நூறு மீட்டரைத் தாண்டும் என்பதால் நீங்கள் காணும் விலகல் எதிர்பார்க்கத்தக்கதே.

ரீடரில் ஆள்கூற்று முறையை நீங்களே குறிப்பிட வேண்டும்; அதன்பின் ‘ரீப்ரொஜெக்டர்’ மூலம் மாற்ற வேண்டும். இந்திய எவரெஸ்ட் அடிப்படைக்குப் பல வரையறைகளும் பல மாற்று மதிப்புகளும் புழக்கத்தில் இருப்பதால், பட்டியலில் முதலில் கண்ணில் படுவதைத் தேர்ந்தெடுத்துவிடாமல், கோயில் கோபுரம், பழைய பாலம், சாலைச் சந்திப்பு போன்ற அசையாத இடங்களில் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இன்னொன்று: கோவை யூடிஎம் 43-ஆம் மண்டலத்தில் இருக்கிறது, மதுரை 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது. 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை மாநிலத்தின் குறுக்கே செல்வதால், பக்கத்துத் தாள்களை ஒரே மண்டலம் என்று நினைத்துச் சேர்ப்பது அடிக்கடி நிகழும் தவறு.

கேள்வி: லெவல் 12, லெவல் 27 என்று எண்கள் மட்டுமே வருகின்றன. எது சாலை, எது வாய்க்கால் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (தஞ்சாவூர் வாசகர்)

கோப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஊகிக்கத்தான் முடியும். வி7 கோப்பில் லெவல்கள் எனப்படும் அடுக்குகள் 63 மட்டுமே உண்டு, ஒவ்வோர் உருவும் தன் லெவலை ஓர் எண்ணால்தான் குறிக்கிறது. 63 போதாதபோது வரைபவர்கள் நிறம், கோட்டின் பாணி, கோட்டின் தடிமன் ஆகியவற்றையும் சேர்த்து ஒரு குறியீட்டு முறையாக ஆக்கிக்கொண்டார்கள். நிறம் 0 முதல் 255 வரை, பாணி 0 முதல் 7 வரை, தடிமன் 0 முதல் 31 வரை. ஒரே லெவலில் சிவப்புத் தடித்த கோடு மாநிலச் சாலை என்றும், அதே சிவப்பில் விட்டுவிட்டு வரும் கோடு வண்டிப்பாதை என்றும் இருக்கும். ஆகவே லெவலை மட்டும் வைத்துப் பிரிப்பவர்கள், வரைந்தவர் கவனமாகப் பதிவு செய்த வேறுபாடுகளை அழித்துவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் இழப்பு, ஏனென்றால் அந்த வேறுபாடுகளை மறுபடியும் சேகரிக்க வேண்டுமென்றால் களத்துக்கே போக வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது, அந்தக் கோப்பைத் தயாரித்த அலுவலகத்தில் லெவல் அட்டவணையைக் கேட்பது. திட்ட ஒப்பந்தத்தின் இணைப்பிலோ ஒப்பந்ததாரரின் கையேட்டிலோ அது பெரும்பாலும் இருக்கும். அதற்குக் காத்திருக்கும் நாட்களில், ரீடரிலிருந்து வரும் உருக்களை லெவல், நிறம், பாணி, தடிமன், உரு வகை ஆகிய ஐந்தும் சேர்ந்த தொகுதிகளாக ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ்கால்குலேட்டர்’ மூலம் எண்ணி, ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை உருக்கள் என்ற பட்டியலை எக்செல் கோப்பாக எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் பெரும் எண்ணிக்கை உள்ளவை உண்மையான வகைகள். ஒன்றிரண்டு உருக்கள் மட்டுமே உள்ளவை பெரும்பாலும் வரைந்தவரின் கைத்தவறுகள், ஆனால் சில நேரங்களில் ஊரில் ஒன்றே ஒன்றாக இருக்கும் ரயில் நிலையமாகவும் இருக்கலாம். எனவே சிறிய எண்ணிக்கைகளை நீக்கும் முன் ஒவ்வொன்றையும் படத்தில் பாருங்கள்.

அட்டவணை கைக்கு வந்ததும், அதே எக்செல் கோப்பில் ஒவ்வொரு தொகுதிக்கும் எதிரே வகைப்பெயரை எழுதி, ‘ஃபீச்சர்ஜாய்னர்’ கொண்டு உருக்களோடு இணைத்துவிடலாம். வகைப்படுத்தும் விதிகளை எஃப்எம்இ-யின் பணித்திரையான ஒர்க்பெஞ்சுக்குள், நிபந்தனை சோதிக்கும் டஜன் கணக்கான ‘டெஸ்டர்’களாகப் புதைப்பதைவிட இவ்வாறு வெளியே ஓர் அட்டவணையாக வைப்பதையே நான் பரிந்துரைப்பேன், வரைபடம் வரைந்த மூத்த பணியாளர் ஒருவர் எஃப்எம்இ தெரியாமலேயே அதைப் படித்துத் திருத்த முடியும். அட்டவணையோடு பொருந்தாத உருக்கள் வெளிவரும் வாயிலை வெறுமனே விட்டுவிடாமல் தனிக் கோப்பாக எழுதுங்கள்.

கேள்வி: வீடுகள் எல்லாம் கோடுகளாகவே வருகின்றன, பல்கோணமாக வரவில்லை. உயரக்கோடுகள் துண்டு துண்டாக வருகின்றன. விளக்குக் கம்பங்களோ ஒவ்வொன்றும் ஏழெட்டுச் சிறு கோடுகளாகச் சிதறிவிட்டன. (சேலம் வாசகர்)

மூன்றும் தனித்தனிக் காரணங்களால் நிகழ்பவை. மைக்ரோஸ்டேஷனில் மூடிய பரப்பு வேண்டுமென்றால் ‘ஷேப்’ என்ற உரு வகையில் வரைய வேண்டும். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் கோடாக வரைந்தாலும் திரையில் அதே தோற்றம்தான் கிடைக்கும் என்பதால் பலர் அப்படியே வரைந்துவிட்டார்கள். எஃப்எம்இ கோட்டைக் கோடாகவே தருகிறது, அது சரியான நடத்தை. ‘ஏரியாபில்டர்’ மூலம் அவற்றைப் பல்கோணமாக்கலாம். முனைகள் சில மில்லிமீட்டர் விலகியிருந்தால் முன்னதாக ‘ஸ்னாப்பர்’ தேவைப்படும். அதற்குத் தரும் இடைவெளி அளவை, வரைபடத்தில் உள்ள மிகக் குறுகிய சந்தின் அகலத்தைவிட மிகச் சிறியதாக வையுங்கள். இல்லாவிட்டால் எதிரெதிர் வீடுகள் ஒட்டிக்கொள்ளும்.

உயரக்கோடுகள் உடைவதற்குக் காரணம், வி7 வடிவத்தில் ஒரு கோட்டில் 101 முனைகளுக்கு மேல் இருக்க முடியாது என்ற வரம்பு. அதைவிட நீண்ட கோட்டை மைக்ரோஸ்டேஷன் பல துண்டுகளாக்கி, ‘காம்ப்ளெக்ஸ் செயின்’ என்ற தலைப்பு உருவின்கீழ் கோத்து வைக்கிறது. ரீடர் அமைப்பில் இந்தச் செயின்களைத் துண்டுகளாகப் பிரிக்கும் தேர்வு இயங்கினால் உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். அதை அணைத்துவிட்டால் முழுக் கோடாக வரும். சில கோடுகளில் உயர எண்ணை எழுத இடம் விட்டு வரைந்தவரே கோட்டை வெட்டியிருப்பார். அது வேறு சிக்கல், அதை ரீடர் தீர்க்காது.

விளக்குக் கம்பங்கள் ‘செல்’ எனப்படும் தொகுப்புக் குறியீடுகள். ரீடர் அவற்றை விரித்துப் படித்தால் குறியீட்டின் படம் சிறு கோடுகளாகக் கிடைக்கும். விரிக்காமல் பொருத்துப் புள்ளியாகப் படித்தால் ஒரு கம்பத்துக்கு ஒரு புள்ளி, அதனுடன் செல்லின் பெயரும் சுழற்சிக் கோணமும் கிடைக்கும். தரவுத்தளத்துக்கு வேண்டியது இரண்டாவதுதான். வி7 கோப்பில் செல் பெயருக்கு ஆறு எழுத்துகளே இடம். எனவே பெயர்கள் சுருக்கெழுத்துகளாக இருக்கும், அவற்றுக்கும் ஓர் அட்டவணை கேட்டுப் பெறுங்கள். செல்லாக வைக்காமல் வெறும் புள்ளியாக வைத்த இடங்களும் இருக்கக்கூடும். மைக்ரோஸ்டேஷன் புள்ளியை, தொடக்கமும் முடிவும் ஒன்றேயான, நீளமில்லாக் கோடாக எழுதுகிறது. எஃப்எம்இ அதைப் புள்ளியாக அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் வேறு சில மென்பொருள்கள் அதைப் பிழையான கோடு என்று நீக்கிவிடும்.

கேள்வி: வி8 கோப்பில் உள்ள தமிழ் ஊர்ப்பெயர்கள், ஷேப்ஃபைலாக மாற்றியதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. குறியாக்கத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. (யாழ்ப்பாண வாசகர்)

அந்தப் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவ்வெழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். கோப்பில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எனவே இது குறியாக்கப் பிழை அன்று, ‘அட்ரிபியூட்என்கோடர்’ இதைத் தீர்க்காது. எழுத்துக்கு எழுத்து மாற்றும் அட்டவணை ஒன்று வேண்டும். அதை ‘பைத்தான்காலர்’ மூலம் இயக்கலாம்.

வெறும் எழுத்து மாற்றம் போதாது என்பதையும் கவனியுங்கள். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுகின்றன: ‘கொ’ என்பதில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முதலில் வந்து, அதன் உயிர்க்குறி ஒரே குறியாகப் பின்னால் வர வேண்டும். எனவே ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி ஆகியவற்றை அடுத்து வரும் மெய்க்குப் பின்னால் நகர்த்தி, கால் தொடர்ந்தால் இரண்டையும் இணைக்கும் விதிகளையும் எழுத வேண்டும். மாற்றும் வரிசையும் முக்கியம்: நீண்ட சேர்க்கைகளை முதலிலும் தனி எழுத்துகளைக் கடைசியிலும் மாற்றுங்கள். ஔகாரக் குறியின் இரண்டாம் பகுதியும் ளகரமும் ஒரே தோற்றம் உடையவை என்பதால் அந்த ஓரிடத்தை மட்டும் விதியால் முடிவு செய்ய முடியாது. ஊர்ப்பெயர்களில் அது அரிதாகவே வரும், கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம்.

ஒரே கோப்பில் ஆங்கிலச் சொற்களும் இருக்குமானால், எல்லா எழுத்து உருக்களையும் ஒரே விதியில் தள்ளினால் அவை சிதைந்துவிடும். ஒவ்வொரு எழுத்து உருவோடும் எழுத்துரு பற்றிய குறிப்பும் பண்பாக வருகிறது. அதை வைத்துத் தமிழ் உருக்களை முதலில் பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் மாற்றுங்கள். ஷேப்ஃபைலாக எழுதும்போது யூடிஎஃப்-8 குறியாக்கத்தைக் குறிப்பிடுங்கள். முடிந்தால் ஷேப்ஃபைலுக்குப் பதிலாக, இன்னொரு புவியிடத் தரவு வடிவமான ஜியோபேக்கேஜாகவே எழுதுங்கள். ஊர்ப்பெயர் ஒன்று பிழையாக ஏறினால் அது வேறு வரைபடங்களுக்கும் தேடுபொறிகளுக்கும் பரவி நிலைத்துவிடுகிறது. அந்த ஊர்களை அறிந்த ஒருவரிடம் இறுதிப் பட்டியலைக் காட்டாமல் வேலையை முடிக்க வேண்டாம்.

கேள்வி: இருபரிமாணக் கோப்பில் உயரக்கோடுகளுக்கு உயரம் இல்லை, எண்கள் மட்டும் பக்கத்தில் எழுத்தாக இருக்கின்றன. (கொடைக்கானல் வாசகர்)

‘நெய்பர்ஃபைண்டர்’ மூலம் ஒவ்வொரு எண்ணையும் மிக அருகிலுள்ள உயரக்கோட்டோடு சேர்க்கலாம். தேடும் தொலைவை எழுத்தின் உயரத்துக்கு மேல் போகவிடாதீர்கள். சரிவான மலைப்பகுதியில் கோடுகள் நெருங்கியிருப்பதால் எண் தவறான கோட்டில் ஒட்டிக்கொள்ளும். இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு: 1:50,000 தாள்களில் உயர இடைவெளி பெரும்பாலும் 20 மீட்டர். அடுத்தடுத்த கோடுகளின் வேறுபாடு சுழியமாகவோ 20 மீட்டராகவோ இல்லாத இடங்களைத் தனியே எடுத்தால், தவறுகள் வரிசையாக வந்து நிற்கும். எண்ணே இல்லாத கோடுகளுக்கு இருபுறமும் உள்ள கோடுகளைக் கொண்டு உயரம் கொடுக்கும் வேலையை, உங்கள் மலைப்பகுதியில் தானியங்கியாகச் செய்ய வேண்டாம். பள்ளத்தையும் மேட்டையும் நிரல் பிரித்தறியாது.

கேள்வி: நிலத்தின் சர்வே எண்ணும் உரிமையாளர் விவரமும் மைக்ரோஸ்டேஷனில் சொடுக்கினால் முன்பு தெரியும். எஃப்எம்இ-யில் ஓர் எண் மட்டுமே வருகிறது. (விழுப்புரம் வாசகர்)

அந்த விவரங்கள் டிஜிஎன் கோப்பில் ஒருபோதும் இருந்ததில்லை. உருவோடு ஒட்டியிருப்பது ஓர் இணைப்பு மட்டுமே: எந்த அட்டவணை என்று சொல்லும் என்டிட்டி எண்ணும், அந்த அட்டவணையில் எந்த வரிசை என்று சொல்லும் எம்எஸ்லிங்க் எண்ணும். விவரங்கள் ஆரக்கிள் போன்ற தனித் தரவுத்தளத்தில் இருந்திருக்கும். அதில் எம்எஸ்கேட்டலாக் என்ற அட்டவணை, எந்த என்டிட்டி எண் எந்த அட்டவணைக்கு உரியது என்று சொல்லும். தரவுத்தளத்தின் காப்பு நகலைத் தேடிப் பெற்றுவிட்டால், எஃப்எம்இ-யில் இரண்டு எண்களையும் கொண்டு இணைப்பது சிறிய வேலை.

கிடைக்காவிட்டால் விவரங்கள் போனவைதான். ஆனால் எம்எஸ்லிங்க் எண்களை நீக்காமல் வெளியீட்டில் வைத்திருங்கள். பழைய கணினியிலோ பயன்படுத்தாத வட்டிலோ அந்தத் தரவுத்தளம் பின்னொரு நாள் அகப்படக்கூடும். எண் இருந்தால் அன்று இணைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எஃப்எம்இ உரிமம் வாங்க வசதியில்லை. இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ் போதுமா? (திருநெல்வேலி வாசகர்)

வி7 கோப்பென்றால் பெருமளவு போதும். க்யூஜிஐஎஸ் பயன்படுத்தும் ஜிடால் என்ற நிரல் நூலகம் வி7-ஐ நேரடியாகப் படித்து, லெவல், நிறம், தடிமன், பாணி, என்டிட்டி எண், எம்எஸ்லிங்க், எழுத்து ஆகியவற்றைப் பண்புகளாகத் தருகிறது. முன்னே சொன்ன வகைப்படுத்தலுக்கு அவையே அடிப்படை. வி8-க்கு ஓப்பன் டிசைன் அலையன்ஸின் நூலகத்துடன் தொகுத்த ஜிடால் வேண்டும். வழக்கமாக நாம் பதிவிறக்கும் க்யூஜிஐஎஸ்-இல் அது இருக்காது. மைக்ரோஸ்டேஷன் வைத்திருப்பவரிடம் கொடுத்து வி7 ஆகச் சேமித்து வாங்கலாம். ஆனால் 63-க்கு மேற்பட்ட லெவல்களும், லெவல் பெயர்களும், ஒரே கோப்பில் உள்ள பல மாடல்களும் வி7-இல் அப்படியே வராது. அதனால் சேமிக்கும் முன், வி8-இல் உள்ள லெவல் பெயர்களின் பட்டியலைத் தனியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருத்திய தரவை மறுபடியும் டிஜிஎன் ஆகவே எழுதித் தரும்படி அலுவலகம் கேட்கிறது. (கடலூர் வாசகர்)

அலுவலகத்தின் சீட் கோப்பைக் கேட்டு வாங்கி, எஃப்எம்இ-யின் ரைட்டர் அமைப்பில் அதையே குறிப்பிடுங்கள். அலகு, குளோபல் ஆரிஜின், இருபரிமாணமா முப்பரிமாணமா என்ற அமைப்பு, நிற அட்டவணை ஆகியவை அதிலிருந்தே எடுக்கப்படும். மென்பொருளோடு வரும் பொதுவான சீட் கோப்பில் எழுதினால் உங்கள் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், அவர்களுடைய கோப்போடு சேர்க்கும்போது இடம் மாறும். எழுதி முடித்த கோப்பை எஃப்எம்இ-யிலேயே மீண்டும் படித்து, மூலத்தோடு ஒவ்வொரு தொகுதியின் எண்ணிக்கையையும் நான்கு மூலைகளின் ஆள்கூறுகளையும் ஒப்பிட்ட பிறகே அனுப்புங்கள்.